மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு படகு

கோடை தொடங்கியதும் கனடாவின் ரைஸ் ஏரிக்குப் போய், ஒரு நாள் வாடகைக்குப் படகு எடுத்துத் தூண்டில் போடுவது ஐந்து வருடங்களாக எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் அந்த ஏரி சுமார் 32 கிலோமீற்றர் நீளமும் 5 கிலோமீற்றர் அகலமும் கொண்டது. ஆழம் குறைந்த ஏரியாகையால் சன்ஃபிஷ், கிராப்பி, பாஸ், பிக்கரல் என்று ஏதாவது ஒன்று அகப்படாமல் போவதில்லை. ஆனால் வாடகைப் படகு காலை எட்டு மணிக்கு மேல்தான் கைக்கு வரும். பருத்தித்துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் கடற்றொழில் செய்த என் மாமனாருக்கு, அந்த நேரத்தில் தண்ணீரில் இறங்குவது என்பது சந்தை கலைந்த பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம். ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியில் இதைச் சொல்வார். ஐந்தாவது வருடம், வாடகையாகக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்த என் மனைவி, சொந்தமாக ஒரு பழைய படகைப் பார்ப்போமே என்று சொன்னபோது மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

வாங்குவது என்று முடிவானதும் எப்படிப்பட்ட படகு என்ற கேள்வி வீட்டை நான்காகப் பிரித்தது. மாமா கேட்டது 14 அடித் திறந்த படகு; எஞ்சினைக் கையால் பிடித்துத் திருப்ப வேண்டும், கூரையும் மெத்தையும் வேண்டாம். பிள்ளைகள் இருவரும் கேட்டது ஏரியின் நடுவில் நிறுத்திக் குதிக்கவும், ரப்பர் வளையத்தில் இழுத்துப் போகவும் ஏற்ற வேகப் படகு. மனைவிக்கு ஆட்டம் குறைவாகவும் விளிம்பு உயரமாகவும் இருந்தால் போதும். என்னுடைய கவலை எங்கள் வானைப் பற்றியது; அது 3,500 இறாத்தலுக்கு மேல் இழுக்காது, அந்தக் கணக்கில் படகு மட்டுமல்லாமல் எஞ்சின், எரிபொருள், ட்ரெயிலர் எல்லாம் அடங்க வேண்டும். முதன்முறையாகப் படகு வாங்குகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வருடத்தில் இரண்டு நாள் வரப்போகும் விருந்தினருக்காகப் பெரிய படகை வாங்கிவிட்டு, மற்ற நாட்களில் அதை இழுத்துப் போகும் சிரமத்தை எண்ணி வீட்டிலேயே நிறுத்தி வைக்கிறார்கள்.

செப்டெம்பரில் தேடத் தொடங்கினோம். ஒன்ராறியோவில் வசந்த காலத்தில் எல்லோரும் படகு தேடுவார்கள்; இலையுதிர் காலத்திலோ, இன்னொரு குளிர்காலத்துக்கு அதைப் பொதிந்து வைக்க விரும்பாதவர்கள் விலையில் இறங்கி வருவார்கள். ஏரி உறைவதற்கு முன் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கவும் அவகாசம் இருக்கும்.

முதலில் பார்த்தது 18 அடி ஃபைபர்கிளாஸ் படகு. வெள்ளையும் நீலமுமாகப் பளபளத்தது. முன்பகுதியான அணியத்தில் பிள்ளைகள் உட்காருவதற்கு வளைந்த இருக்கைகள், புதிய மெத்தைகள். விலையும் எங்கள் கைக்குள் இருந்தது. மகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாமா ஏறவில்லை. பின்பக்கம் போய், எஞ்சினின் பாரத்தைத் தாங்கும் கடையால் பலகையை, தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் இடம் இடமாகத் தட்டினார். மேலே டக்கென்று கேட்ட ஒலி கீழே வர வர மங்கியது. பருத்தித்துறையில் அவர் கடைசியாக ஓட்டியதும் ஃபைபர்கிளாஸ் வள்ளம்தான் என்பதால் அந்த ஒலி அவருக்குப் புதிதல்ல. பழைய ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் அந்தப் பலகைக்குள் மரம் இருக்கும். ஆணி போட்ட துளைகள் வழியே வருடக்கணக்காகத் தண்ணீர் கசிந்து உள்ளே மரம் இற்றுப்போனாலும் வெளியே மினுக்கம் குறையாது. நான் உள்ளே ஏறி எஞ்சின் பெட்டியின் அருகே நின்றபோது தளமும் காலடியில் மெல்ல அமிழ்ந்தது. புதிய கம்பளம் விரித்தால் சரியாகிவிடும் என்றார் விற்பவர். “பலகை ஊறிப் போச்சுது, தம்பி. வாங்கோ போவம்” என்றார் மாமா. எஞ்சினை இறக்கி, ஃபைபரை வெட்டி, மரத்தை மாற்றிக் கட்டுவதற்கு ஆகும் செலவு படகின் விலையையே தாண்டக்கூடும் என்று பிறகு ஒரு மெக்கானிக் சொல்லி அறிந்தேன். வரும் வழியெல்லாம் மகள் பேசவில்லை.

இரண்டாவது, 16 அடி அலுமினியப் படகு. அதைப் பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் போய் இறங்கியதும் விற்பவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் திருப்பிலேயே எடுத்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மாமாவோ முன்னதாகவே எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்திருந்தார். “நாங்கள் வர முன்னமே ஸ்டார்ட் பண்ணி வைச்சிருக்கினம். சூடாய்க் கிடக்குது” என்று தமிழில் சொன்னார். எஞ்சினின் உண்மையான நிலை குளிர்ந்திருக்கும்போதுதான் தெரியும். கார்புரேற்றர் அடைப்பும் வலுவிழந்த பற்றரியும் தேய்ந்த சிலிண்டரும் சூடான எஞ்சினில் ஒளிந்துகொள்ளும். விற்பவர் வேறு நல்ல காரணத்துக்காகவும் அதை ஓட விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் காலை வந்து குளிர்ந்த நிலையில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இன்றே வேறொருவர் பணத்தோடு வருகிறார் என்ற பதில் வந்தது. அவருக்கே போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாவது படகுக்குப் போகும் முன், எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கும்படி தொலைபேசியிலேயே கேட்டுக்கொண்டேன். விற்பவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். தோள்பட்டை வலியால் இனி ட்ரெயிலரைக் கொளுவிக் கழற்ற முடியவில்லை என்றார். 2006ஆம் ஆண்டுப் படகு, பதினாறரை அடி, அலுமினியம். ஒரு பக்கத்தில் சுக்கான் சக்கரம், அணியத்தில் நின்று தூண்டில் வீசுவதற்கு ஒரு மேடை. பின்னால் 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் யமஹா. ஊரில் மண்ணெண்ணெயில் ஓடிய சிறிய யமஹாக்களோடு காலம் கழித்த மாமா, அந்தப் பெயரைப் பார்த்ததும் சற்று இளகிவிட்டார் என்பதை நான் கவனித்தேன். அதனால் இம்முறை கடுமையாகப் பார்க்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

அலுமினியம் என்றால் உக்காது என்று நம்பிப் போவது தவறு. அதிலும் கடையால் பலகைக்குள் மரம் இருக்கலாம். தகடுகளை இணைக்கும் றிவெற்றுகள் வருடப் போக்கில் தளர்ந்து கசியலாம். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் என் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்திப் பார்த்தேன், பலகை அசையவில்லை. பெரியவரின் அனுமதியோடு, ட்ரெயிலரில் இருந்தபடியே படகுக்குள் தோட்டத்துக் குழாயால் கணுக்கால் அளவு தண்ணீர் விட்டோம். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் இடத்தைத் தேடுவதைவிட, உள்ளிருந்து வெளியே சொட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு றிவெற்றுகளில் மட்டும் ஈரம் கசிந்தது. பிறகு கியர் எண்ணெய். கீழேயுள்ள திருகைத் தளர்த்திச் சில துளிகளைப் பார்த்தால் போதும்: பால் விட்ட தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இந்த நாட்டுக் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து, கியர்ப் பெட்டியையே வெடிக்கச் செய்துவிடும். எங்களுக்கு வந்தது தெளிவான எண்ணெய். நண்பரிடம் இரவல் வாங்கிப் போயிருந்த அழுத்தமானியை மூன்று சிலிண்டர்களிலும் வைத்துப் பார்த்தேன். அளவுகள் பத்து வீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்பார்கள், இவை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன.

புரொப்பெல்லருக்குக் கீழே துடுப்புப்போல நீண்டிருக்கும் தகட்டின் முனை உடைந்திருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன் பெரியவரே சொல்லிவிட்டார்: ஏரியின் தென்கரையிலுள்ள ஹார்வுட் கிராமத்துக்கு எதிரே பழைய ரயில் பாதையில் அடித்ததாம். ரைஸ் ஏரிக்குக் குறுக்கே 1854இல் கோபர்க்கையும் பீற்றர்பரோவையும் இணைக்க ஒரு ரயில் பாதை போட்டார்கள். குளிர்காலப் பனிக்கட்டி அதை நெரித்து நெரித்துச் சில ஆண்டுகளிலேயே பயனற்றதாக்கிவிட்டது. அதன் கல்லணை இன்னமும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடந்து, குறியிட்ட வழியை விட்டு விலகுகிறவர்களைப் பிடிக்கிறது. அந்த உடைந்த முனையைவிட, அவர் அதை மறைக்காமல் சொன்னதுதான் என் மனதில் நின்றது. வருடம் வருடமாக மாற்றிய எண்ணெய், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர் விசிறி, ட்ரெயிலரின் பெயரிங் ஆகியவற்றுக்கான பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு வைத்திருந்தார். மறுநாள் ஏரியில் இறக்கி, ஐந்து பேரை ஏற்றி முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். குழாய்த் தண்ணீரில் சீராக ஓடும் எஞ்சின் பாரம் ஏறியதும் திணறலாம் என்பதால், இதை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம் என்பேன்.

9,500 டொலர் கேட்டார், 8,200க்கு முடிந்தது. ஆனால் செலவு அதோடு முடியவில்லை. தனியாரிடம் வாங்கும் படகுக்கும் ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி கட்ட வேண்டும். அது 1,066 டொலர். கடையால் பலகையின் வலது மேல் மூலையில் பொறித்திருந்த 12 எழுத்து இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிட்டேன். படகின் மீது கடன் எதுவும் நிற்கிறதா என்று விற்பவரின் பெயரில் மாகாணப் பதிவேட்டில் தேடினேன். ட்ரெயிலருக்குத் தனிப் பதிவு. 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள படகுக்குரிய அனுமதி இலக்கத்தை, அணியத்தின் இரு பக்கமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத எழுத்தில் ஒட்ட வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதவைக் கயிறு, நங்கூரம், விசில், ட்ரெயிலருக்கு இரண்டு ரயர் என்று பட்டியல் நீண்டது.

படகில் ஒட்டியிருந்த தகட்டில் ஐந்து பேர் என்று எழுதியிருந்தது. நாங்கள் ஆறு பேர். ஒருவர் கூடினால் என்ன, எல்லோரும் மெலிந்த ஆட்கள்தானே என்று உறவினர் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சை நான் வளர விடவில்லை. தண்ணீரைக் கண்டாலே தலை சுற்றும் என்று மாமியே கரையில் நிற்க ஒப்புக்கொண்டார்.

குளிர்காலத்தில் படகு பனிக்குள் கிடக்க, நானும் மாமாவும் படகோட்டும் அட்டைக்கான பரீட்சைக்குப் படித்தோம். எஞ்சின் பூட்டிய எந்தப் படகையும் ஓட்டுவதற்கு இங்கே அது கட்டாயம். முப்பது வருடக் கடல் அனுபவத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஐம்பது கேள்விகள், தேற 75 வீதம். பேத்தி வாசித்து மொழிபெயர்க்க, மாமா எல்லாவற்றையும் உடனுக்குடன் சொன்னார், மிதவைகளின் நிறத்தைத் தவிர. இலங்கையில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்கும். வட அமெரிக்காவில் அது வலப்பக்கம். புத்தகம் பிழை என்று இரண்டு நாள் வாதாடினார். கடைசியில், “இவங்கள் றோட்டிலையும் மறுபக்கம்தானே ஓடுறாங்கள்” என்று சமாதானமாகி, 44 கேள்விகளுக்குச் சரியாக விடை எழுதினார். எனக்கு 41.

பாஸ் மீன் பிடிக்க அனுமதிக்கும் காலம் தொடங்கிய ஜூன் சனிக்கிழமை, குடும்பமாக முதன்முறை இறங்கினோம். ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது; கோடையில் காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே வரும். மேற்கு முனையிலிருந்து புறப்பட்டால், களைத்துத் திரும்பும் நேரத்தில் அலையை எதிர்த்து வர வேண்டியிருக்கும் என்பதால், அதற்குக் கிழக்கே தென்கரையிலுள்ள கோர்ஸ் லாண்டிங்கில் இறக்கி, காலை அமைதியில் மேற்கே போகும்படி மாமா வழி சொன்னார். ஒரு ஏரியின் அந்நியச் செடிகளும் உயிரினங்களும் மற்ற ஏரிக்குப் போகாமல் இருக்க, வீதியில் இழுத்துச் செல்லும்போது படகிலுள்ள தண்ணீரை வடிக்கும் அடிப்பிளக்கைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் இங்கே சட்டம். அதைத் திரும்பப் பூட்ட மறந்து படகை அமிழ்த்தியவர்களின் கதைகளைக் கேட்டிருந்த மனைவி, பிளக்கை வான் சாவியோடு கட்டி வைத்திருந்தாள்.

காலை ஐந்தரைக்கு மாமா அணியத்து மேடையில் உட்கார்ந்து முதல் தூண்டிலை இறக்கினார். பிள்ளைகள் எட்டு மணிக்குக் குதித்து, மீனையெல்லாம் கலைத்துவிட்டார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. பதினொரு மணியளவில் தண்ணீரின் தோல் கறுத்துச் சுருங்கியது. “சோளகம் எழும்புது, நங்கூரத்தை இழுங்கோ” என்றார். பருத்தித்துறைக் காற்றின் பெயரை ஒன்ராறியோ ஏரியில் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருந்தாலும், அரை மணி நேரத்தில் ஆழமற்ற அந்த நீர் வெள்ளை அலையாக எழும்பி, எங்களைப் பின்னாலிருந்து தள்ளியபடியே கரைக்குக் கொண்டுவந்து விட்டது.

மாமி இறங்குதுறையில் வாளியோடு நின்றார். மீனை ஒவ்வொன்றாக எண்ணினார். உள்ளங்கை அளவில் பதினேழு சன்ஃபிஷ்.

“உந்தப் பதினேழுக்கோ ஒன்பதாயிரம்?” என்று கேட்டார்.

மாமா பதில் சொல்லாமல், என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு பிளக்கைக் கழற்றப் போய்விட்டார்.