தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுமா?

இன்று காலை ஏழு மணிக்கே போலீஸ்காரர்கள் எங்கள் வண்டியை ஓரங்கட்டி ஊதச் சொன்னார்கள். ஓட்டிய எனக்கு ஒன்றுமில்லை, நான் குடிப்பதில்லை. பக்கத்தில் இருந்த நண்பன் முகம்தான் வெளிறிவிட்டது. நேற்று இரவு பன்னிரண்டு வரை பார்ட்டி. "தூங்கி எழுந்துட்டேன், குளிச்சிட்டேன், காபியும் குடிச்சாச்சு, நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டவன் அவன்!

ரத்தத்தில் ஏறிய மதுவைக் கரைப்பது கல்லீரல். அது அவசரப்படாது. சராசரியாக மணிக்கு 100 மில்லி ரத்தத்தில் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறையும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பன்னிரண்டு மணிக்கு 150 இருந்தால், ஏழு மணிக்கு இன்னும் 45 மிச்சம். இந்தியாவில் வரம்பு 30, ஆகவே மாட்டிக்கொள்வான். ஸ்காட்லாந்தில் 2014-இல் 80-லிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். அங்கே மயிரிழையில் தப்பிப்பான். இங்கிலாந்தில் இன்னும் 80.

காபி குடித்தால் தூக்கம் போகும், மது போகாது. குளியலும் அப்படித்தான். அப்புறம் நாற்றத்தை மறைக்க வாயில் போடும் அந்தப் புதினா மிட்டாய்! போலீஸ் ஊதச் சொல்லும் கருவி வாய் நாற்றத்தை முகர்வதில்லை ஐயா. ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வந்து மூச்சில் கலக்கும் மதுவைத்தான் அது அளக்கிறது.

திரும்பும்போது சாவியை அவன் கேட்கவே இல்லை.