‘மாலிக்னன்ட்’ என்று டைப் செய்து அழித்த ரிப்போர்ட்

ஸ்லைடில் செல்களைப் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட் நான். ‘மாலிக்னன்ட்’, அதாவது புற்று, என்று டைப் செய்தாயிற்று; கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. இன்னும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வந்தது மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப் என்ற மெல்லிய குழாயை விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த திரவம். கூட வந்த படிவத்தில் மூன்றே சொற்கள்: “மூச்சுத்திணறல். கேன்சர் செல்?”

ஸ்லைடில் கொத்துக் கொத்தாகச் செல்கள். வீங்கிய உட்கரு, துருத்தி நிற்கும் உட்கருமணி, சைட்டோபிளாசத்தில் குமிழ்கள். அச்சு அசல் அடினோகார்சினோமா, சுரப்பிச் செல்களில் வரும் புற்று. டைப்பும் செய்துவிட்டேன். ஒன்றுதான் உறுத்தியது. புற்று என்றால் பெரும்பாலும் நல்ல செல், கெட்ட செல் என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்து தெரியும். இங்கே லேசாக மாறியதிலிருந்து படுமோசம் வரை படிப்படியாக எல்லாமே இருந்தன.

வார்டுக்குப் போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. நேரிலேயே போனேன், ஃபைல் ஸ்கேனுக்குப் போயிருந்தது. வெறுங்கையோடு திரும்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் பயிற்சி டாக்டர் கூப்பிட்டார். “நுரையீரல் மாற்று ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம்தான் ஆகுது மேடம். படிவத்துல போடலையா?”

போடவில்லை, தம்பி.

ரத்த ஓட்டமில்லாமல் குளிரில் இருந்த நுரையீரலைப் பொருத்தி மறுபடி ரத்தம் பாயும்போது அது காயப்படும். அந்தக் காயத்தை ஆற்ற டைப் 2 நிமோசைட்டுகள் என்ற நுரையீரல் காற்றறைச் செல்கள் அவசர அவசரமாகப் பெருகும். அப்போது அவை போடும் வேஷம் புற்றைப் போலவே இருக்கும். தொற்று வந்தாலும் இதே வேஷம்தான். ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் என்று தெரியாமல் இந்தச் செல்களுக்குப் பெயர் வைக்காதீர்கள்.

பூஞ்சையைக் காட்டும் ஜிஎம்எஸ் ஸ்டெயினில் நிமோசிஸ்டிஸோ வேறு பூஞ்சையோ இல்லை. இரண்டாவது ஸ்லைடின் ஓரத்தில் ஒரே ஒரு பெரிய செல்: உட்கருவுக்குள் கருத்த உருண்டை, சுற்றிலும் வெள்ளை வளையம். ஆந்தைக் கண்! சைட்டோமெகலோ வைரஸ். பிசிஆரும் அதையே சொன்னது. அன்று நான் கத்தியது பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்.

அதற்காக ‘புற்று இல்லவே இல்லை’ என்றும் எழுதவில்லை. ‘மாறுபட்ட செல்கள், காயம் ஆறும்போது வரும் மாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம், சிகிச்சைக்குப் பின் மறு சாம்பிள் தேவை’ என்று முடித்தேன். மாற்று முடிந்து வருடங்கள் கழித்து, சிடி ஸ்கேனில் கட்டியும் தெரிந்தால் இந்தச் சமாதானம் செல்லாது. மாற்று உறுப்புக்காக நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வரும் அபாயம் அதிகம். அப்புறம், “ரிஜெக்‌ஷனா, இல்லையா?” என்று ஒரு போன், உடம்பு புது நுரையீரலை ஏற்க மறுக்கிறதா என்று. அதைக் கழுவிய திரவத்தில் சொல்ல முடியாது, பயாப்சி வேண்டும் என்று இன்னும் எத்தனை தடவை சொல்வதோ.

அந்த வைரஸுக்கான கான்சிக்ளோவிர் மருந்து கொடுத்துச் சில வாரம் கழித்து மறு சாம்பிள் வந்தது. நுரையீரலில் வழக்கமாக இருக்கும் மேக்ரோபேஜ்களும் சிலியா என்ற நுண்முடிகள் கொண்ட சாதாரணச் செல்களும்தான். படிவத்தில் மட்டும் அதே “கேன்சர் செல்?”, மாற்று ஆபரேஷன் பற்றி இந்த முறையும் ஒரு வார்த்தை இல்லை.