நாளைக் கூட்டாதே, வேகத்தைக் கூட்டு

ஒன்பதாம் வகுப்பில் 'வேலையும் காலமும்' பாடம் தொடங்கிய அன்று எங்கள் கணக்கு சேர் ஒரு சூத்திரமும் எழுதவில்லை. ஒருவர் 6 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 12 நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? இதை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, "பேனையைத் தொடாமல் சொல்லுங்கோ" என்றார்.

பின் வாங்கிலிருந்து 18 என்று ஒரு குரல். முன் வாங்குக்காரர் சராசரி எடுத்து 9 என்றார்கள். "கெட்டிக்காரன் தனியவே 6 நாளில் முடிக்கிறான். துணைக்கு ஆள் வந்த பிறகு 9 நாளோ?" என்று சேர் கேட்டதும் வகுப்பே கப்சிப். இருவரும் கெட்டிக்காரராக இருந்திருந்தால் 3 நாள் போதும். மற்றவர் மெதுவானவர் என்பதால் விடை 3க்கும் 6க்கும் இடையில்தான் விழ வேண்டும். அப்புறம்தான் கணக்கு: ஒரு நாளில் 1/6, 1/12, கூட்டினால் 1/4, ஆகவே 4 நாள்.

இரண்டு நாள்களையும் பெருக்கிக் கூட்டுத்தொகையால் வகுக்கும் குறுக்குவழியைச் சிலர் எங்கோ படித்துவிட்டு வந்தார்கள். இருவர் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கும் வரைக்கும் சரி. ஒருவர் பாதியில் போய்விட்டால் அது கைவிட்டுவிடும் என்பது சேரின் கட்சி. என்னுடையதும் அதுதான்.

அவருக்குப் பிடித்தது மூவர் கணக்கு. அ, ஆ சேர்ந்தால் 12 நாள். ஆ, இ சேர்ந்தால் 15. இ, அ சேர்ந்தால் 20. பின்னத்தைக் கண்டு மிரளுபவர்களுக்காக, 12, 15, 20 மூன்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் (பொ.ம.சி.) 60 என்பதால் மொத்த வேலையையே 60 பங்காக வைத்துக்கொள்ளச் சொன்னார். நாளொன்றுக்குச் சோடிகள் செய்வது முறையே 5, 4, 3 பங்கு. கூட்டினால் 12. ஆனால் ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்துவிட்டார்கள், எனவே மூவரும் சேர்ந்து 6 பங்கு. 10 நாளில் வேலை முடியும். அதிலிருந்து அ, ஆ இருவரின் 5 பங்கைக் கழித்தால் இ செய்வது 1 பங்குதான். தனியே விட்டால் 60 நாள்! அந்த வருடம் முழுக்க வகுப்பில் சோம்பேறிகளுக்கு 'இ' என்று பெயர். (யாரென்று எழுதமாட்டேன், அவரும் இந்த மலரை வாசிப்பார்.)

இரண்டு பேர் சேர்ந்தால் வேகம் அப்படியே கூடும் என்பது கணக்கின் எடுகோள். வேலைத்தலத்தில் கூட்டங்களுக்குப் போய்வருபவர்களுக்கு அது எவ்வளவு தாராளமான எடுகோள் என்று தெரியும். ஆனால் மின்சாரம் சொன்ன சொல் கேட்கும். பொறியியல் முதலாம் வருடத்தில் 6 ஓம், 12 ஓம் தடைகளை, மின்னோட்டம் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் பாயும்படி சமாந்தரமாக இணைத்தபோது வந்த விடையும் 4தான். பக்கத்திலிருந்தவர் கல்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாஸ்கராச்சாரியர் 1150இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் இதே இனக் கணக்கு ஒன்று உண்டு. நான்கு ஊற்றுகள் ஒரு தொட்டியைத் தனித்தனியே 1 நாள், 1/2 நாள், 1/3 நாள், 1/6 நாளில் நிரப்பும். நான்கையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எத்தனை மணித்தியாலம்? நம் வகுப்புக்காரர் பேனையைத் தொடாமல் சொல்ல வேண்டும்.