கவர்மெண்டு சீட்டுதானே தம்பி?

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். "ஆமாம்மா, அரசாங்கத்தோடதுதான். ஏமாத்து வேலையெல்லாம் இல்லை" என்றேன். ஒன்று வாங்க வந்தவர் சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு வாங்கிப் போனார். அன்று 10ஆம் திகதி, தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாள். இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் லொத்தர் (லாட்டரி) சீட்டு விற்ற காலத்தில் அந்த நாளில்தான் வியாபாரம் நன்றாகப் போகும்.

நான் சொன்னது பொய்யில்லை. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் சட்டப்படி வந்தது. அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபம் ஜனாதிபதி நிதியத்துக்குப் போகிறது. இதய சத்திரசிகிச்சைக்கு அந்த நிதியத்தில் உதவி கேட்டு, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கு நானே படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்குக் காசு கிடைத்தது. விற்ற சீட்டெல்லாம் நல்லதுக்குத்தான் என்று அன்று மனதார நம்பினேன். இன்றும் அதை முழுக்க விட முடியவில்லை.

ஆனால் அவர் கேட்டது வேறு என்று இப்போது படுகிறது. இலாபம் எங்கே போகிறது என்றா கேட்டார்? நம்பலாமா என்று கேட்டார். அரசாங்கக் கடதாசி எங்கள் மலையகத் தமிழ் ஆட்களுக்கு லேசான பொருள் இல்லை. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, ஒரு கடதாசிக்காகப் பல வருடம் அலைந்தவர்கள் எங்கள் தாத்தா பாட்டிமார். மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அடையாள அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைக்கிற வீடுகள் இவை. அந்த மரியாதையைக் காட்டித்தான் நான் இரண்டாவது சீட்டை விற்றேன்.

அவர் வாங்கியது தேசிய லொத்தர் சபையின் மகாஜன சம்பத சீட்டு. அதில் ஓர் ஆங்கில எழுத்தும் 6 இலக்கங்களும். கணக்குப் போட்டால் 2 கோடியே 60 லட்சம் விதமாக வரலாம். அவர் கையில் அதில் இரண்டு. இதை நான் சொல்லியிருக்க வேண்டுமா? சொன்னால் அடுத்த கடையில் வாங்கியிருப்பார். எனக்கும் கமிஷன்தான் சோறு. அப்படித்தான் அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொழும்பில் கசினோ நடத்துவது தனியார். அதற்குள் போக இலங்கையருக்கு டொலர் கணக்கில் நுழைவு வரி இருக்கிறது. நம் ஆட்கள் சூதாடிக் கெட்டுவிடக் கூடாது என்றால் அந்தத் தடை சரிதான். அப்புறம் ஏன் அரசாங்கமே அச்சடித்த சீட்டை பஸ் நிலையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்? கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த, அதாவது அரைநாள் சம்பளமே கிடைத்த, நாளிலும் வாங்கலாம். அப்போது ஒரு சீட்டு 20 ரூபாய், 2023இல் 40 ஆகிவிட்டது. லொத்தரை மூடிவிட்டால் நிதியத்துக்குக் காசு வேறெங்கிருந்து வரும் என்று கேட்டால், பதில் என்னிடம் இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா வந்தார். இலக்கத்தை ஒத்துப் பார்த்து, "இல்லைம்மா" என்றேன்.

"சரி தம்பி, கவர்மெண்டுக்குத்தானே போகுது" என்றார். சீட்டைக் கிழித்துப் போடாமல், மடித்துச் சுருக்குப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

நான் அன்றைய சீட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.