அவள்தான் முதலில் பார்த்தாள்

"அது வேற கேள்வி. அதை இங்க எழுதாதே." இவ்வளவுதான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

டபிள்யூ. எச். டேவிஸின் ‘லெஷர்’ கவிதை. 1911-இல் வந்தது. மொத்தம் 14 வரி, 7 ஈரடிகள். அவற்றில் 5 ‘நேரமில்லை’ என்றே தொடங்கும். ஆடுமாடுகளைப் போல மரக்கிளைக்கடியில் நின்று பார்க்க நேரமில்லை, அணில் கொட்டையைப் புல்லில் ஒளித்துவைப்பதைப் பார்க்க நேரமில்லை என்று போய்க்கொண்டே இருந்து, கடைசி இரண்டு ‘நேரமில்லை’களில் அழகு ஒரு பெண்ணாகிவிடுகிறாள். அவளுக்குப் பார்வை உண்டு, ஆடும் பாதங்கள் உண்டு. கண்ணில் தொடங்கிய சிரிப்பு வாய்க்கு வந்து நிறையும் வரை காத்திருக்க நமக்குத்தான் பொழுதில்லை.

ஆளுருவகம், அதாவது ஆளல்லாததை இப்படி ஆளாக்கிச் சொல்வது, எங்கே வருகிறது என்பது ஒரு கேள்வி. மையக்கருத்து என்ன என்பது இன்னொரு கேள்வி. அந்த மாணவி இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் விடையை எழுதியிருந்தாள். பாதி மதிப்பெண் போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மிஸ், அழகை ஒரு ஆளா ஆக்கினதாலதானே பாக்காமப் போறது தப்பாகுது? வெறும் காட்சின்னா நமக்கு மட்டும்தான் நஷ்டம். அவங்கதான் முதல்ல நம்மளப் பாக்கறாங்க. நாம திரும்பலைன்னா அவங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

அதற்குத்தான் அந்தப் பதில்.

நான் செய்தது சரி என்றே இன்றும் பாதி நாள் நினைக்கிறேன். தேர்வில் அவள் தாளைத் திருத்தப்போவது நானல்ல. விடைக்குறிப்பில் ‘அவசர வாழ்க்கையில் இயற்கையை ரசிக்க நேரமின்மை’ என்று இருக்கும். அது இல்லையென்றால் மதிப்பெண்ணும் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

ஆனால் நான் இத்தனை வருடம் அந்தக் கவிதையை அறிவுரையாகவே நடத்தியிருக்கிறேன். ஆளுருவகம் அதன்மேல் ஒட்டிய அலங்காரம், அடிக்கோடிட்டுவிட்டு நகரலாம். மூலத்தில் அழகின் பார்வை என்றுதான் இருக்கிறது, திரும்பவேண்டியவர்கள் நாம். அவள்தான் முதலில் பார்த்தாள் என்பதை நான் ஒருமுறையும் வகுப்பில் சொன்னதில்லை. மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வாராதே’ என்று கைகாட்டுவதைச் சிலப்பதிகாரத்தில் எத்தனை முறை படித்திருப்பேன்! வெறும் துணி காற்றில் ஆடியிருந்தால் கோவலன் உள்ளே போனது இவ்வளவு உறுத்துமா? கைகாட்டியதாகச் சொன்னதால்தானே உறுத்துகிறது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அடுத்த தேர்வில் இரண்டு விடைகளையும் தனித்தனியாக, விடைக்குறிப்பில் உள்ளபடியே எழுதியிருந்தாள். முழு மதிப்பெண். சந்தோஷப்பட வேண்டியதுதான்; பட்டேன் என்றும் நினைக்கிறேன்.

அன்று நான் பேசி முடித்த பிறகும் அவள் போகவில்லை. "அப்ப அந்த அணில், மிஸ்..." என்று ஆரம்பித்தாள். நான் அடுத்த தாளை எடுத்துவிட்டேன். அணிலைக் கவிஞர் ஆளாக்கவில்லை. அது நம்மைப் பார்ப்பதுமில்லை. கொட்டையை ஒளிப்பதே அதன் வேலை. அப்படியானால் அதைப் பார்க்காமல் போவது தப்பில்லை என்று சொல்லவந்தாளா, அதுவும் தப்புதான் என்றா? இரண்டு விதமாகவும் சொல்லிப்பார்க்கிறேன். இரண்டும் அவள் குரலில் வரவில்லை.