பனேரோ

உலகத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழியில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் பனேரோ. அன்பு, உலக அமைதி என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும், இது சாப்பிடும்போது சட்டையில் உதிர்கிற ரொட்டித் துணுக்கு, அவ்வளவுதான்.

பானோ என்றால் ரொட்டி. அதன் நடுவே 'எர்' நுழைந்தால் பனேரோ. நமக்குச் சோற்றுக்குப் பருக்கை, தண்ணீருக்குத் துளி, நெருப்புக்குப் பொறி என்று தனித்தனியாக வேண்டியிருக்கிறது, அங்கே இந்த ஒரு 'எர்' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்: ஆக்வோ தண்ணீர், அக்வேரோ துளி, ஃபாய்ரோ நெருப்பு, ஃபைரேரோ பொறி. மோனோ பணம், அதில் ஒரு உதிரி எடுத்தால் மொனேரோ, அதாவது நாணயம். (2014இல் வந்த மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்துக்கும் பெயர் இங்கிருந்து போனதுதான்.)

1887இல் வார்சாவில் இந்த மொழியை வெளியிட்ட ஸாமென்ஹோஃப் பள்ளியில் படிக்கும்போதே மொழி செய்ய ஆரம்பித்துவிட்டார், ஆனால் இவ்வளவு சொற்களை யார் மனப்பாடம் செய்வது என்று திணறிக்கொண்டிருந்தார். அப்போது தெருவில் இரண்டு ரஷ்யப் பலகைகள் கண்ணில் பட்டன, ஒன்று வாயிற்காவலர் அறை, இன்னொன்று மிட்டாய்க்கடை, இரண்டும் 'ஸ்காயா' என்றே முடிந்தன. ஒரு விகுதியை வைத்து எத்தனை சொல் வேண்டுமானாலும் பண்ணலாமே என்று அங்கேதான் பிடி கிடைத்தது என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சரி, பனேரோவுக்கு வருவோம். 'எர்' விகுதிக்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் மணல், அதாவது சாப்லோ, அதிலிருந்து ஒரு மணல் துகள் சப்லேரோ. மணல் பிறவியிலேயே துகள்கள்தான், அதில் ஒன்றை எடுக்கிறோம், நியாயம். ரொட்டி அப்படியா? அது முழுசாக இருக்கிறது, நாம் பிய்த்தால்தான் துணுக்கே பிறக்கிறது, ஆகவே கறாராகப் பார்த்தால் பனேரோ கொஞ்சம் இழுத்துப் பிடித்த சொல்தான். எனக்கு அது பிடிப்பதே அதனால்தான், இலக்கணப் புத்தகத்தைத் தாண்டிச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்ட விகுதி அது.

அப்புறம், கட்லெட்டை ரஸ்க் தூளில் புரட்டுகிறோமே, அதற்கும் சொல் உண்டு, பனூமி. இதில் வரும் 'உம்' இன்னும் வேடிக்கை, அதற்கு நிலையான பொருளே கிடையாது, வேறு எந்த விகுதியும் பொருந்தாதபோது போட்டுக்கொள்ளலாம் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தது. கோலோ கழுத்து, கொலூமோ சட்டைக் காலர். அந்தக் கணக்கில் பனூமி என்றால் 'ரொட்டியை வைத்து என்னவோ செய்', என்ன செய்வதென்று கட்லெட் போடுகிறவர்தான் சொல்ல வேண்டும்.