கீழ் ரோல் பேரிங்

ஜூன் 3
நெளி அட்டை மெஷினில் காகிதத்தை நெளிக்கும் கீழ் ஃப்ளூட் ரோல், அதைத் தாங்கும் டிரைவ் பக்க பேரிங். இன்றும் அந்தச் சத்தம்.

ஜூன் 4
அதிர்வின் ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பார்த்தேன், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்கிறது என்று காட்டும் வரைபடம். பேரிங் வெளி வளையத்தின் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் வரிசையாக எழும்பி நிற்கின்றன, அந்த வளையத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, சந்தேகப்பட ஒன்றுமில்லை. ப்ரொடக்‌ஷன் மேலாளரிடம் காட்டினேன். "ஓடுதுல்ல சார், ஓடட்டும்" என்றார். ஓடுகிறதுதான். எனக்குப் பயமே அதுதான்.

ஜூன் 5, இரவு ஷிஃப்ட்
சத்தம் கேட்டதும் ஆபரேட்டர் தம்பி கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நல்ல எண்ணம்தான், ஆனாலும் தடுத்தேன். அளவுக்கு மேல் போன கிரீஸை உருளைகள் கடைந்துகொண்டே இருக்கும், அதிலேயே சூடு ஏறும். ஏற்கெனவே ரோலுக்குள் 12 பார் நீராவி, ஏறக்குறைய 190 டிகிரி, அவ்வளவும் ஷாஃப்ட் வழியாக பேரிங்குக்குத்தான் வருகிறது. அவனுக்கு நின்று விளக்கினேன், கேட்டுக்கொண்டான்.

ஜூன் 7
ஸ்டோர்ஸில் ஸ்பேர் ஒன்று இருக்கிறது. பெட்டியைப் பார்த்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எண் எல்லாம் சரி, கடைசியில் சி4 இல்லை. உருளைகளுக்கும் வளையங்களுக்கும் நடுவில் கூடுதல் இடைவெளி விட்டது என்பதற்கான குறி அது. எதுவும் போடவில்லை என்றால் உள்ளே சாதாரண இடைவெளி. இந்த இடத்துக்கு அது ஆகாது. ஷாஃப்ட் சுடச்சுட உள் வளையம் விரிகிறது, வெளி வளையம் அந்த அளவுக்குச் சூடாவதில்லை, அப்போது நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து உருளைகள் இறுகிவிடும். குளிர்ந்த நிலையில் கையால் சுற்றினால் அருமையாகச் சுற்றும், எல்லோரும் கை தட்டுவார்கள், நீராவியைத் திறந்து சில மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். மீட்டிங்கில் இதை இரண்டு முறை சொன்னேன். "அதே நம்பர்தானே?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மாட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சி4 ஆர்டர் போயிருக்கிறது.

ஜூன் 8
வண்டி இன்னும் கிளம்பவில்லையாம்.

ஜூன் 9
நல்ல நாள். அட்டையின் லைனர், அதாவது நெளிவின் மேல் ஒட்டும் தட்டைக் காகிதம், தனியாக உரிந்து வந்தது, பசையைக் குறை சொன்னார்கள். ரோலிலிருந்து தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் ட்ராப் ஒன்று அடைத்து, கண்டென்சேட், அதாவது நீராவி ஆறிய தண்ணீர், உள்ளேயே தேங்கியிருந்தது. ரோல் சூடு இறங்கினால் ஸ்டார்ச் பசை எப்படிப் பிடிக்கும்? ட்ராப்பை மாற்றினோம், ஒட்டிக்கொண்டது. ஃபிட்டர் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஜூன் 11
பேரிங்கின் அதிர்வு ரீடிங் குறைந்திருக்கிறது. "பாத்தீங்களா, தானா சரியாயிடுச்சு" என்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஸ்பெக்ட்ரத்தில் தனித்தனியாக நின்ற முனைகள் மழுங்கிவிட்டன, அடிப்பகுதி மொத்தமும் மேலே ஏறியிருக்கிறது. பள்ளத்தின் ஓரங்கள் தேய்ந்து சேதம் வளையம் முழுக்கப் பரவினால் இப்படித்தான் தெரியும். இது கடைசிக் கட்டம். வேகத்தைக் குறைக்கச் சொல்லி மெயில் போட்டேன், அப்புறம் நேரிலும் போனேன். குறைத்தார்கள், முணுமுணுப்போடு.

ஜூன் 12
தூக்கம் இல்லை.

ஜூன் 13
ஷட்டவுன் கிடைத்தது. 8 மணி நேரமாம். போதாது. நீராவியை மூடியதும் ரோலை நிறுத்திவிட முடியாது, மெதுவாகச் சுற்ற விட்டே ஆறவைக்க வேண்டும், சூட்டோடு நின்றால் ரோல் வளைந்துவிடும். ஒரு பேரிங்கைக் காப்பாற்றப் போய் ரோலையே இழப்பதா? கூலிங் நேரம் தனி என்று சண்டை போட்டேன், குரலும் உயர்ந்துவிட்டது. 14 மணி நேரம் வாங்கினேன்.

ஜூன் 14
வந்துவிட்டது! வளையத்தின் பக்கவாட்டிலேயே சி4 என்று பொறித்திருக்கிறது, விரலால் தடவிப் பார்த்தேன். திரும்பச் சுற்றி மூடி வைத்தாயிற்று, தூசி போகக் கூடாது.

வேலை நடக்கும்போது யாரும் திறந்துவிடாதபடி நீராவி வால்வில் என் பூட்டும் ஃபிட்டர் அண்ணன் பூட்டும் தொங்கும், சாவி அவரவர் பையில். பேரிங்கின் உள் இடைவெளி எவ்வளவு குறைகிறது என்று அளந்து அளந்துதான் அதைப் பொருத்தும் நட்டை இறுக்க வேண்டும். இடைவெளியில் நுழைத்து அளக்கும் ஃபீலர் கேஜில் மெல்லிய பிளேடு ஒடிந்து கிடக்கிறது. டூல் ரூமில் வேறு இருக்கிறதா பார்க்கணும்.